கடன்பட்ட வாய்

கப்பல் பட்டறையில் சிதம்பரத்துக்கு ‘ஹுக் அண்ணன்’ என்று பெயர். அவரிடம் திட்டு வாங்கிய தொழிலாளர்கள் வைத்த பெயர் அது. சாரத்தில் யார் ஏறினாலும், ஆள் மேலே போய்ச் சேருவதற்குள் கீழேயிருந்து அவர் குரல் போய்ச் சேர்ந்துவிடும்.

“ஹுக்க மாட்டு! மாட்டிட்டு அப்புறம் மூச்சு விடு!”

இடுப்பு பெல்ட்டிலிருந்து தொங்கும் அந்தக் கொக்கியைக் கம்பியில் மாட்டாமல் அவர் கண்ணில் பட்டவன், அன்று மதியச் சாப்பாடு வரைக்கும் அவர் பேச்சைக் கேட்டாக வேண்டும். ஒரு தடவை கப்பல்காரர்களின் இன்ஜினியரையே, வெள்ளைக்காரர் என்றும் பார்க்காமல், ஏணியிலிருந்து இறக்கிவிட்டார். பத்தொன்பது வருடம் சிங்கப்பூரின் செம்பவாங்கில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்தவர். அவர் பார்வையில் இருந்த வேலையில் ஒருவர்கூட விழுந்ததில்லை. அதை அவர் வெளியே சொல்லிக்கொண்டதில்லை என்றாலும், உள்ளுக்குள் அவருக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

வீடு ஈசூனில். மனைவி சுசீலா ஒரு பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை. மகள் நிவேதிதா பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு.

பந்தயம் கால்பந்து உலகக் கோப்பை நடந்த வருடம் ஆரம்பித்தது. அலுவலகத்தில் எல்லாரும் பத்து சிங்கப்பூர் வெள்ளி போட்டபோது அவரும் போட்டார். அடுத்த வாரம் ஃபோனிலேயே ஆட ஒருவன் வழி காட்டினான். மூன்றாவது வாரம் எண்ணூறு வெள்ளி ஜெயித்தார். அன்று தோற்றிருந்தால் விட்டிருப்பேன் என்று பின்னால் பல தடவை சொன்னார். உண்மையாகவும் இருக்கலாம்.

கையிருப்பு கரைந்ததும், சமையலறையை மாற்றிக் கட்டப் போவதாகச் சொல்லி வங்கியில் கடன் எடுத்தார். அது போனதும், உரிமம் பெற்ற கடன் கடை ஒன்றில் சம்பளச் சீட்டைக் காட்டி வாங்கினார். சொந்தக் காசை வைத்து ஆடுகிறவன் தோற்றால் எழுந்து போய்விடலாம். கடன் வாங்கி ஆடுகிறவனுக்கு எழுந்து போக முடியாது. தோற்ற பணம் அவனுக்குத் தோற்றதாகவே தெரியாது, திரும்பி வரவேண்டிய பணமாகத்தான் தெரியும். இரண்டு வருடம் சிதம்பரம் அந்தத் திரும்பி வரவேண்டிய பணத்துக்காகவே ஆடினார். குளியலறையில் ஃபோனை வைத்துக்கொண்டு, எந்த ஊர் என்றே தெரியாத இரண்டு குழுக்கள் கோல் போடுவதற்காகக் காத்திருந்தார்.

உரிமமில்லாத வட்டிக்காரன் அலோங்கிடம் மட்டும் போகவில்லை. கதவில் சிவப்புச் சாயம் ஊற்றும் அந்த ஆட்களிடம் போகிறவன்தான் சூதாடி, நான் அந்த அளவுக்குப் போகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மட்டன் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு தேக்கா சந்தைக்குப் போனார். மட்டன் வாங்கத்தான் போனார் என்று முழுதாகச் சொல்ல முடியாது. ஏழாம் தேதி சம்பளம் போட்டிருந்தார்கள். அடுத்து வரும் ஞாயிறில் பட்டறை ஆட்கள் சிராங்கூன் சாலைப் பணம் அனுப்பும் கடைகளில்தான் நிற்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

மூன்றாவது கடையில் ஜாஃபர் நின்றுகொண்டிருந்தான். சாரம் கட்டும் குழுவுக்குத் தலைவன். தொண்டிப் பக்கம். முப்பத்துநாலு வயது, சிங்கப்பூர் வந்து ஒன்பது வருடம். வரிசை எண் சீட்டைக் கையில் வைத்திருந்தவன், அவரைக் கண்டதும் வெளியே வந்தான்.

“என்னண்ணே, இந்தப் பக்கம்?”

“மட்டன் வாங்க வந்தேன் தம்பி. ஊருக்கு அனுப்புறியா?”

“ஆமாண்ணே. மேல் தளம் போடணும். அத்தா தினம் ஃபோன் போட்டு, மழைக்கு முன்னாடி போட்டுறணும்னு சொல்லிக்கிட்டு இருக்காரு.”

சிதம்பரம் சாலையைப் பார்த்தார். பேருந்து ஒன்று போகும் வரை காத்திருந்தார்.

“ஒரு உதவி கேக்கணும். மவளுக்கு பாலி ஃபீஸ் கட்டணும். பேங்க்ல ஏதோ சிக்கல், பணம் வர ரெண்டு வாரம் ஆகும்ங்கிறான்.”

“எவ்வளவுண்ணே வேணும்?”

ஆயிரம் என்று சொல்லத்தான் நினைத்து வந்திருந்தார். ஜாஃபர் தயங்காமல் கேட்டதும் வாய் தானாக மூவாயிரம் என்றது.

ஜாஃபர் ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு உள்ளே போய், கையிலிருந்த சீட்டை வரிசையில் நின்ற ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

“நீங்க கேட்டு இல்லன்னு சொல்ல முடியுமாண்ணே? ஒன்பது வருஷமா கை கால் முழுசா இருக்குன்னா அது நீங்க கத்துன கத்துதான். ரெண்டு வாரம்தானே? அத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

ரயிலில் திரும்பும்போது சிதம்பரத்துக்கு நிம்மதியாக இருந்தது. வட்டி இல்லை, கையெழுத்து இல்லை, வீட்டு வாசலுக்கு யாரும் வரப்போவதில்லை. தான் வாங்கிய கடன்களிலேயே ஆபத்தில்லாத கடன் இதுதான் என்று நினைத்தார்.

அந்த மூவாயிரம் புதன்கிழமையைப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் போனது. ஒரு மாதம் போனது. ஜாஃபர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். அவன் கேட்காமல் வழக்கம்போல “டீ குடிச்சீங்களாண்ணே?” என்று விசாரித்துவிட்டுப் போனதுதான் சிதம்பரத்தைக் குடைந்தது. அவன் இருக்கும் பக்கம் போவதைக் குறைத்தார். வேறு வழியில்லாமல் போகும்போது கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

ஜூலை கடைசியில் ஒரு நாள் ஜாஃபர் தலைக்கவசத்தின் பட்டையை மாட்டாமல் கீழே நின்று குழாய்களை எண்ணிக்கொண்டிருந்தான். சிதம்பரம் பார்த்தார். முன்பென்றால் இருபது அடி தூரத்திலிருந்தே குரல் போயிருக்கும். இப்போது தன் தாடையைத் தொட்டுக் காட்டிவிட்டு, லேசாகச் சிரித்தார். ஜாஃபரும் சிரித்துக்கொண்டே பட்டையை மாட்டினான். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு அன்று முழுக்க அவருக்கு உறுத்தியது. பத்தொன்பது வருடத்தில் சிரித்துக்கொண்டு சொன்னதே இல்லை.

அடுத்த வாரம், வெல்டிங் வேலை பார்க்கும் ராஜீவ் கண்ணாடி போடாமல் நின்றதற்கு அவனைப் பிடித்துக் கத்தினார். அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே நிதானமாகச் சொன்னான்:

“எங்களுக்கு மட்டும்தான் சத்தமா அண்ணே? ஜாஃபர் பாய்க்கு வேற சட்டமா?”

சுற்றி நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் சத்தம் போடவில்லை. காலைக் கூட்டத்தில் சொல்ல வேண்டியதைத் தாளில் இருந்தபடி வாசித்தார். பட்டறையில் ஹுக் அண்ணனுக்கு வயதாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

செப்டம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பழுது முடிந்த ஒரு கப்பலின் பக்கவாட்டுச் சாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பத்து மணி ஓய்வு முடிந்து ஆட்கள் ஏறும் நேரம். ஜாஃபர் அவர் பக்கத்தில் வந்து நின்றான். கையுறையைக் கழற்றினான், மறுபடி போட்டான்.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அத்தா ரொம்ப சத்தம் போடுறாரு. கம்பி கட்டி மூணு மாசமாச்சு, துருப்பிடிக்குதாம். முழுசா வேணாம். கொஞ்சமாச்சும் தந்தீங்கன்னா...”

“வெள்ளிக்கிழமை தம்பி. கண்டிப்பா.”

“சரிண்ணே.”

அவன் ஏறினான். சிதம்பரம் சரிபார்ப்புத் தாளோடு கீழே நின்றார். ஆறு மீட்டர் உயரத்தில் ஜாஃபர் ஒரு பலகையிலிருந்து அடுத்த பலகைக்குக் கால் வைத்தான். கொக்கி மாட்டப்படாமல் அவன் இடுப்போரம் ஆடிக்கொண்டிருந்தது.

சிதம்பரம் அதைப் பார்த்தார். தெளிவாகப் பார்த்தார். வாயைத் திறந்தார். இப்போது கத்தினால், காசு கேட்டதற்காகக் கத்துகிறார் என்று நினைப்பானே என்று தோன்றியது. ஒரு நிமிடம் போகட்டும், அவனே மாட்டிக்கொள்வான், அனுபவசாலி. அவர் தலையைக் குனிந்து, ‘கொக்கி மாட்டப்பட்டுள்ளது’ என்ற வரிக்கு நேரே சரி என்று ஒரு கோடு போட்டார்.

பேனாவைத் தாளிலிருந்து எடுக்கக்கூட இல்லை, மேலே பலகை புரளும் சத்தம் கேட்டது.

ஜாஃபர் நேராகத் தரையில் விழவில்லை. நடுவில் ஒரு குறுக்குக் குழாயில் மோதி, கீழ்த்தட்டுப் பலகையில் விழுந்து, அங்கிருந்து உருண்டு விழுந்தான். அதனால்தான் பிழைத்தான் என்று பிறகு மருத்துவர் சொன்னார். அந்த நேரத்தில் அது யாருக்கும் தெரியாது. கண்கள் திறந்திருந்தன. ஆள் பேசவில்லை.

ஆம்புலன்ஸில் சிதம்பரம் கூடப் போனார். முகத்தில் ஆக்சிஜன் மூடியோடு கிடந்தவனைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது, அவர் மனதில் ஒரு நினைப்பு வந்தது. அவர் கூப்பிட்டு வரவில்லை. ஆனாலும் வந்தது. இவன் போய்விட்டால், அந்த மூவாயிரம் இருப்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஒரு விநாடிகூட இருந்திருக்காது. பக்கத்திலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். “அங்கிள், யூ ஓகே?” என்று மருத்துவ உதவியாளர் கேட்டாள். பந்தயத்தில் எத்தனையோ தோற்றிருக்கிறார், அப்போதெல்லாம் பணம் போனதாகத்தான் நினைத்தார். தான் எப்படிப்பட்ட ஆளாகிவிட்டோம் என்று அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பயந்தார்.

இடுப்பு எலும்பு, தொடை எலும்பு, வலது மணிக்கட்டு. இரண்டு அறுவைச் சிகிச்சைகள். உயிருக்கு ஆபத்தில்லை என்று மறுநாள் காலை சொன்னார்கள்.

அன்று மதியமே திட்ட மேலாளர் ஸ்ரீராம் அவரை அறைக்குக் கூப்பிட்டார். சென்னையிலிருந்து வந்து ஐந்து வருடமாக அங்கே இருப்பவர். கெட்டவர் இல்லை, ஆனால் முந்தின நாளிலிருந்து தூங்காதவர்.

“சிதம்பரம் சார், மனிதவள அமைச்சுல இருந்து ஆள் வர்றாங்க. உங்க செக்லிஸ்ட்ல டிக் இருக்கு. நீங்க மாட்டச் சொன்னீங்க, அவன் மேல போய்க் கழட்டிட்டான். அப்படித்தானே?”

சிதம்பரம் மேசை மேலிருந்த தன் தாளைப் பார்த்தார்.

“அப்படின்னா அது வொர்க்கர் தப்புன்னு போயிடும். அவனுக்கு இழப்பீட்டுல ஒண்ணும் குறையாது, இன்ஷூரன்ஸ் எப்படியும் தரும். கம்பெனிக்கும் உங்களுக்கும் பிரச்சினை இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் கொடுத்துடுங்க.”

“அவனை?”

“அவனை எப்படித் திரும்ப எடுக்க முடியும்? விதியை மீறுனவன்னு ரெக்கார்டு ஆயிடுமே.”

வியாழக்கிழமை ஈசூன் மருத்துவமனைக்குப் போனார். ஜாஃபர் விழித்திருந்தான். கால் ஒரு சட்டத்தில் தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. அவரைப் பார்த்ததும் வழக்கம்போல் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

“ஆபீஸ்ல இருந்து வந்தாங்கண்ணே. நீங்க சொன்னீங்களான்னு கேட்டாங்க. சொன்னாருன்னு சொல்லிட்டேன்.”

“ஏன் அப்படிச் சொன்ன? நான் சொல்லலயே.”

ஜாஃபர் கண்ணை மூடித் திறந்தான். வலியில் நிதானமாகத்தான் பேச முடிந்தது.

“என் காலு போனது போச்சு. இனிமே நான் சாரம் ஏறப் போறதில்ல. உங்களுக்கும் வேலை போச்சுன்னா என் காசு எங்க இருந்துண்ணே வரும்? நீங்களும் அப்படியே சொல்லிருங்க.”

சிதம்பரம் அவன் முகத்தைப் பார்த்தார். அதில் பாசமும் இல்லை, பகையும் இல்லை. கணக்கு மட்டும்தான் இருந்தது. தேக்காவில் கணக்குப் பார்க்காமல் பணத்தை நீட்டியவன் இவன்தான். அவனையும் தன்னைப் போலக் கணக்குப் போட வைத்துவிட்டேன் என்று அவருக்குப் பட்டது. எலும்பு உடைந்து படுக்கையில் கிடக்கிறவன், தன்னைக் கிடத்தியவரின் வேலையைக் காப்பாற்றப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. மூவாயிரம் வெள்ளி இதையும் செய்யும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

“தம்பி, ஃபீஸ் கட்ட வாங்கல,” என்றார். “ஃபுட்பால்ல போட்டேன். எல்லாம் போச்சு.”

ஜாஃபர் கூரையைப் பார்த்தான். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தாதி வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும் வரை அவர் நின்றார். அவன் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சுசீலா சாப்பாட்டு மேசையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் நிவேதிதா மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். மகள் உள்ளே போகட்டும் என்று காத்திருந்தால் இன்றும் சொல்லாமல் விட்டுவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்தது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். வங்கி, கடன் கடை, தேக்கா, அந்தச் செவ்வாய்க்கிழமை. ஆம்புலன்ஸில் வந்த நினைப்பை மட்டும் சொல்லவில்லை.

சுசீலாவின் கை நெத்திலியிலேயே இருந்தது. கடைசியில் கேட்டாள்:

“அந்தப் பிள்ளை நடப்பானா?”

“நடப்பான்னு சொல்றாங்க. பழையபடி இல்ல.”

“மொத்தம் எவ்வளவு?”

தொகையைச் சொன்னார். நாற்பத்தோராயிரம்.

நிவேதிதாதான் வெடித்தாள்.

“ப்பா, என் ஃபீஸ்னு சொல்லியா வாங்குனீங்க? எனக்கு ஃபீஸுக்கு பர்சரி பணம் வருதுன்னு உங்களுக்குத் தெரியும்லா! என் பேரை யூஸ் பண்ணி, அந்த அண்ணன்கிட்ட? ஹவ் குட் யூ?”

அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டாள். அவள் கோபம் தணிய வெகுநாள் ஆனது. கடனைக்கூட மன்னித்தாள், தன் பெயர் சொன்னதை மட்டும் அவளால் விட முடியவில்லை.

சுசீலா எழுந்து கை கழுவினாள். குழாயை மூடாமலே, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

“நாளைக்குப் போயி நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. வேலை போனா போகட்டும். சொல்லிட்டு நேரா வீட்டுக்கு வாங்க. உங்களை நான் கேக்க வேண்டியது நிறைய இருக்கு, அதெல்லாம் அப்புறம். ஃபோனை இங்க வைங்க.”

வெள்ளிக்கிழமை அமைச்சு அதிகாரியிடம் சிதம்பரம் நடந்ததைச் சொன்னார். கொக்கி மாட்டப்படாததைப் பார்த்தேன், சொல்லவில்லை, தாளில் போட்ட கோடு பொய். ஏன் சொல்லவில்லை என்று அந்த இளம் பெண் அதிகாரி கேட்டாள். அவனிடம் கடன் வாங்கியிருந்தேன் என்றார். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு எழுதினாள். சில நாட்களில் நிறுவனம் வேலைநீக்கக் கடிதம் கொடுத்தது. விசாரணை மாதக்கணக்கில் நீண்டு, அபராதத்தில் முடிந்தது. மேற்பார்வையாளராக இனி எந்தப் பட்டறையும் அவரை எடுக்காது.

சிராங்கூனில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலர் வேலை கிடைத்தது. சம்பளம் பாதியைவிடக் கொஞ்சம் கூட. சுசீலா அவரைக் கடன் ஆலோசனை நிலையத்துக்குக் கூட்டிப்போனாள், சூதாட்டத்தை விட முயல்கிறவர்களின் வாராந்தரக் கூட்டத்திலும் கொண்டுபோய் விட்டாள். எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. மூன்றாவது மாதம், சக காவலர் ஒருவரிடம் ஐம்பது வெள்ளி கேட்டு வாங்கி, அவருடைய ஃபோனிலேயே ஒரு ஆட்டத்தில் போட்டார். தோற்றார். அன்று மாலை சுசீலாவிடம் அவரே சொன்னார். அவள் அந்த ஐம்பதை அவர் கையில் கொடுக்கவில்லை. மறுநாள் காவல் கூடத்துக்கு வந்து அந்த மனிதரிடமே நேரில் கொடுத்தாள். “இனிமே இவருக்கு அஞ்சு வெள்ளிகூடக் கொடுக்காதீங்க அண்ணே, இவருக்கு அது வியாதி,” என்றாள். சிதம்பரம் பக்கத்தில் சீருடையோடு நின்று அதைக் கேட்டார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் வாங்கவில்லை.

ஜாஃபருக்கு மாதம் முந்நூறு என்று சுசீலாதான் அனுப்பினாள். இழப்பீட்டுப் பணம் வந்தபோது ஊரில் மேல் தளம் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டார்கள். மே மாதம் அவன் ஊருக்குப் புறப்பட்டான். அதற்கு முந்தைய ஞாயிறு அவனைப் பார்க்க சிதம்பரம் தேக்காவுக்குப் போனார். வரட்டுமா என்று சுசீலாவின் ஃபோனிலிருந்து முதலில் செய்தி அனுப்பிக் கேட்டார். வாங்க என்று ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

பெட்டி விற்கும் கடை வாசலில் ஜாஃபர் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஊன்றுகோல். இளைத்திருந்தான். சிதம்பரம் அவன் எதிரில் நின்றார். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லத்தான் வந்திருந்தார். அவர் தொடங்குவதற்குள் ஜாஃபர் பேசினான்.

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேண்ணே. அன்னிக்கி நான் மாட்டாததைப் பாத்தீங்கல்ல?”

“பாத்தேன்.”

“கத்தியிருக்கலாம்ல?”

“காசு கேட்டதுக்காகக் கத்துறேன்னு நீ நினைப்பேன்னு...”

“நினைச்சிருப்பேன்,” என்றான் ஜாஃபர். “கண்டிப்பா அப்படித்தான் நினைச்சிருப்பேன். மனசுக்குள்ள திட்டியிருப்பேன். ஆனா மாட்டியிருப்பேன்ண்ணே.”

கடைக்காரர் ஒரு நீலப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். ஜாஃபர் எழ முயன்றபோது சிதம்பரம் கை நீட்டினார். அவன் அந்தக் கையைப் பார்த்தான். ஊன்றுகோலை இழுத்து, தானே எழுந்துகொண்டான். பெட்டியை டாக்சி வரைக்கும் தூக்கி வர மட்டும் விட்டான்.

கடைசித் தவணை ஜூலையில் போனது. அன்று அவருக்குக் காலை வேலை. ஜாஃபரிடமிருந்து சுசீலாவின் ஃபோனுக்கு, ‘வந்துருச்சுக்கா, மூவாயிரமும் முடிஞ்சுது’ என்று ஒரு குரல் செய்தி வந்திருந்தது. மாலை வீட்டுக்கு வந்ததும் அவள் அதைப் போட்டுக் காட்டினாள். பின்னணியில் யாரோ சுவரில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. சிதம்பரம் இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டார். தன் பெயர் எங்காவது வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, சாப்பிட உட்கார்ந்தார்.